சூடாக வைத்திருத்தல்

வள்ளியூர் வங்கியில் வீட்டுக் கடனுக்கு எழுதிக் கொடுத்தபோது
மேனேஜர் கேட்டார்,
உங்க பிளாண்ட் வருஷத்துல எத்தனை நாள் ஓடும்?
கூட்டிப் பார்த்தா ஐம்பது நாள்.
மீதி நாள்?
மீதி நாள் ஓடத் தயாரா இருக்கும் சார்.
பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

அவரிடம் சொல்ல வராமல் போனது இது.

பணகுடிக்குத் தெற்கே ஒன்பது கேஸ் என்ஜின்கள்.
நிற்கும்போதும் அவற்றின் உடம்புக்குள்
எழுபது டிகிரி வெந்நீர் சுற்றும்.
எண்ணெய்ப் பம்ப் முனகும்.
புட்டிகளில் முப்பது பார் காற்று
ஒரே ஒரு உதைக்காக அடைந்து கிடக்கும்.
தும்மல் வருவதற்கு முந்தைய மூக்கு.
அதே நிலையில் மூன்று ஷிப்ட், மாதக்கணக்கில்.

வெளியே ஆனி மாத மேக்காத்து
கணவாய் வழியே இறங்கி
முருங்கையை முறித்துப் போடும்,
கொடியில் கிடக்கும் சேலையை உடைமரத்தில் மாட்டும்.
கண்ணுக்கு எட்டுமட்டும் காற்றாடிகள் சுற்ற
எங்களுக்கு ஒரு வேலையும் இராது.
ஜெபசிங் பேப்பரில் கட்டம் நிரப்புவான்.
எதிர் டீக்கடையின் தகரக் கூரை
நாள் முழுக்கத் தடதடவென்று பேசும்.

அன்று ஆறு முப்பத்தைந்துக்குத்
தகரம் பேச்சை நிறுத்தியது.
முதலில் அது. அப்புறம்தான் திரை.

நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பது நான்கு.
எட்டு ஒன்பது.
எட்டு மூன்று.
கயத்தாற்றுப் பக்கம் வெயில் தகடுகள்
எப்போதோ கடையைக் கட்டிவிட்டன.
பாளையங்கோட்டையில் மோட்டார் போடுகிற நேரம்,
மேலப்பாளையத்தில் மக்ரிபுக்கு விளக்கேறுகிற நேரம்.
நான் பார்த்தே இராத வீடுகளில்
மின்விசிறிகள் ஒரு மயிரிழை தளர்ந்திருக்கும்.

போனில் எப்போதும் ஜலதோஷம் பிடித்த அதே குரல்.
லீலாபுஷ்பம் மேடம், எழுபது மெகாவாட்,
அஞ்சு நிமிஷம்.

ஒன்று எழுந்தது. இரண்டு எழுந்தது.
மூன்று இருமிற்று, ஏழாவது சிலிண்டர் குளிர்ந்தே இருந்தது,
டிரிப்.
விடு மேடம், எட்டைப் போடுதேன் என்று
ஜெபசிங் பாதிக் கட்டத்தோடு ஓடினான்.
எனக்கு முன்னால் முள் சுற்றியது.
ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற கதைதான்,
அதன் வேகத்துக்கு நாமும் ஓடிவிட்டுக்
கம்பியைப் பிடிக்க வேண்டும்.
முள் பன்னிரண்டை நெருங்கும்போது
பிரேக்கர் விழுந்தது. டக்.
அடுத்தது. டக்.
நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பது ஒன்று. ஒன்பது ஏழு.
தரை காலுக்குள் அதிர்ந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு பல்பும் கண் சிமிட்டவில்லை.
எங்களைப் பற்றிய செய்தி அவ்வளவுதான்.

கப்பலில் வந்த கேஸ், டாலரில் விலை.
புகைபோக்கியில் கண்ணுக்குத் தெரியாமல் ஏறுவதும் உண்டு.
சுத்தமானவள் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை.
லாக் புத்தகத்தில் அதற்கொரு கட்டம் இருக்கிறது,
அதையும் நிரப்புகிறேன்.

ஒன்பது பன்னிரண்டுக்குத்
தகரம் ஒருமுறை தொண்டையைச் செருமியது.
காத்து வந்துட்டு மேடம், எறக்கிருங்க.
ஒவ்வொன்றாய் இறக்கினோம்.
மூன்றாவதின் பிளக்கைக் கழற்றி
ஜெபசிங் உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்,
சொத்தைப் பல் போலக் கறுப்பு.
புதியது மாட்டி, வெந்நீரைத் திறந்துவிட்டு,
மறுபடியும் காத்திருக்க வைத்தோம்.

ஷிப்ட் முடிந்து வள்ளியூர் ரோட்டில் வரும்போது
ஸ்கூட்டரை வலப்பக்கம் தள்ளியது காற்று.
இரண்டு பக்கமும் இருட்டில் சிவப்பு விளக்குகள்,
கீழே இறக்கைகள் அறுக்கும் சத்தம்.
எங்கல போயிருந்த இம்புட்டு நேரம்
என்று கத்தினேன்.
திறந்த வாய் நிறைய
மண்ணை அள்ளிப் போட்டது.